பிறேக் பிடிக்குது

"பிறேக் பிடிக்குது" என்று ஒருவர் போனில் சொன்னால் உங்களுக்கு என்ன விளங்கும்? அவசரப்பட்டுப் பதில் சொல்லவேண்டாம். நானும் என்னோடு வேலை செய்த யோகனும் கார் திருத்துகிற இதே தொழிலில் தலை நரைத்தவர்கள். அந்த ஒரு சொல்லில் நாங்களே சறுக்கி விழுந்தோம்.

பெடலை மிதித்தால் கார் நிற்கிறது என்பதும் பிடிக்கிறதுதான். காலை எடுத்த பிறகும் சுற்றுகிற சில்லை விடாமல் இறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதும் பிடிக்கிறதுதான். முதலாவது என்றால் வேலை சரி, வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது என்றால் வேலை பிழை, ஓடவேண்டும். பிறேக் ஒயிலுக்குள் இருக்கும் காற்றை எடுக்கும்போது ஒருவர் காருக்குள் இருந்து பெடலை மிதிப்பார், மற்றவர் சில்லடியில் குந்திக்கொண்டு "பிடி... விடு... பிடி" என்று கத்துவார். அந்தப் பிடி வேறு. ஒரே சொல்லுக்கு மூன்று வேலை கொடுத்துக்கொண்டு, அதில் ஒரு சிக்கலும் இல்லாமல் பல வருடங்கள் ஓட்டிவிட்டோம். அதனால்தான் சிக்கல் வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

இதை வாசிக்கிற, வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களில் பலர் என்னைத் தெரியாதவர்கள். ஸ்காபரோவில் கிழக்குப் பக்கம் ஒரு கராஜில் பிறேக் வேலை எல்லாம் என் கையில்தான் இருந்தது. பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், எல்லோருக்கும் நான் அக்கா. முதல்தரம் வருகிறவர்கள் என்னிடமே வந்து "மெக்கானிக் எங்கை?" என்று கேட்பார்கள். "அவர் சாப்பிடப் போயிட்டார், கார்த் திறப்பைத் தாங்கோ, நான் பாத்துவிடுறன்" என்பேன். கார் திருந்திய பிறகும் சிலர் அந்த மெக்கானிக்குக்கு நன்றி சொல்லச் சொல்லிவிட்டுப் போவார்கள். யோகன் என்னோடு சமவயதுக்காரன், மெலிந்த உடம்பு, எந்த இடுக்குக்குள்ளும் நுழைவான். வாயும் அப்படித்தான், எதற்குள்ளும் நுழையும்.

மரியதாஸ் அண்ணை பக்கத்தில், மல்வேர்னில் இருந்தார். விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் செய்த ஒரு பழைய காரின் கூட்டை எங்கேயோ ஒரு பண்ணைக் கொட்டிலில் கண்டெடுத்து, அதற்குள் பெரிய எஞ்சினைப் போட்டு, கூரையைத் தாழ்த்தி, முன்பக்கத்தை இறக்கி, வருடக்கணக்காகத் தன் வீட்டு கராஜுக்குள் ஒரு ஹொட் றொட் கட்டியவர். நிறம் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்தால் வரும் மஞ்சள். உள்ளே நீளமாக ஒரே இருக்கை, இரண்டு பேர்தான் இருக்கலாம். அந்த இரண்டாவது இடம்தான் அவருடைய பிரச்சினை.

அவருடைய மனைவி ஜெசிந்தா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காரைக் கட்டி முடித்த புதிதில் ஒருதரம் ஏறியிருக்கிறார். சிவப்பு விளக்கில் பெடல் அடிவரை போய்விட்டது, கார் நிற்கவில்லை, சந்திக்கு நடுவில் போய்த்தான் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜெசிந்தா கதவைத் திறந்து இறங்கி, ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்து போய்விட்டாராம். அதற்குப் பிறகு அந்தக் காரில் அவர் ஏறவே இல்லை. கார் கண்காட்சிகளில் எல்லோரும் சுற்றி நின்று படம் பிடிக்க, அண்ணை தனியாகப் போய்த் தனியாக வருவார்.

அவர் எங்களிடம் வந்தது அந்த வருடம் அவர்களுடைய கலியாண வெள்ளிவிழா என்பதால்தான். மோர்னிங்சைட் பக்கத்து வேதக் கோயிலில் சனிக்கிழமை பூசை.

"பிறேக்கை முழுக்க மாத்தித் தாங்கோ அக்கா. பிறேக் ஒழுங்கா வந்தால் ஏறுறன் எண்டு அவ வாய் திறந்து சொல்லிப்போட்டா. இவ்வளவு காலத்தில உதுதான் முதல்தரம் சொன்னது" என்றார்.

வயதில் என்னைவிட மூத்த மனிதர். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது.

பெடலை மிதிக்கும்போது ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுவது மாஸ்ரர் சிலிண்டர். அந்தக் காரில் அது தரைக்கடியில், பழைய காலத்து ஒற்றைப் பாதையோடு இருந்தது. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சில்லும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பாதையுள்ள புதியது வேண்டும். தரைக்கடியில் இடமில்லை, எக்ஸோஸ்ற் குழாய் போகிறது. எஞ்சின் பக்கத்துத் தகட்டில் பூட்ட அண்ணை சம்மதிக்கவில்லை. அந்தத் தகட்டை முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கி வைத்திருந்தார், அதில் ஒரு கறுப்புக் கட்டியை வைத்தால் உயிர் போய்விடும் என்றார். மிஞ்சியது டாஷ்போட்டுக்குக் கீழே, ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு மேலே இருக்கிற இருட்டு. பெடலையும் அங்கிருந்தே தொங்கவிட்டு, சிலிண்டரையும் அங்கேயே ஒளித்துவைத்தோம். யோகன் தலையைக் கீழே கொடுத்து, காலை இருக்கைக்கு மேலே போட்டுக்கொண்டு செய்த வேலை. வாயில் வந்த சொற்களை நான் எழுதப்போவதில்லை.

பூட்டிய விதம் உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுவோம். ஒரேயொரு விஷயம் மட்டும் சொல்லவேண்டும். பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. அதை நீட்டலாம், குறுக்கலாம். கால் பெடலில் இல்லாத நேரம் அந்தக் கம்பி சிலிண்டரைத் தள்ளக்கூடாது. நடுவில் மயிரிழை அளவுக்காவது இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி இருந்தால்தான் சூடாகி வீங்குகிற ஒயில் திரும்பித் தொட்டிக்குப் போகும். இல்லாவிட்டால் போக வழியில்லாமல் சில்லுகளை அமத்தும், அமத்தச் சூடு, சூடாக இன்னும் அமத்தும். நான் அந்த இடைவெளியை வைத்து, காரை எடுத்துக்கொண்டு நன்றாக ஓடி, சூடாக்கி, திரும்பி வந்து சில்லுகளைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்துத்தான் வேலையை முடித்தேன். அது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை காலை அண்ணை கோட் சூட்டோடு காரை எடுக்க வந்தபோது நான் வேறொரு காருக்கு அடியில் இருந்தேன். அவர் ஏறிப் பெடலை மிதித்துப் பார்த்திருக்கிறார். பெடல் தொட்டதும் வேலை செய்யவில்லை, கொஞ்சம் இறங்கித்தான் செய்கிறது. அது அந்த இடைவெளி. அப்படித்தான் இருக்கவேண்டும். அவர் யோகனிடம் கேட்டிருக்கிறார்:

"தம்பி, இது தொட்டவுடன பிடிக்கிற மாதிரிச் செய்யேலாதோ? ஜெசிந்தா என்ரை காலைத்தான் பாத்துக்கொண்டிருப்பா. பெடல் சும்மா இறங்கிறதைக் கண்டால் அந்த இடத்திலயே இறங்கிப் போயிடுவா."

யோகன் இரக்கக்காரன். தலையைக் கீழே கொடுத்து அந்தக் கம்பியை நீட்டிவிட்டான். பெடல் கல்லு மாதிரி நின்றது. அண்ணை அவனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். அவர் போக முதல் யோகன் முற்றத்தில் காரை ஒருதரம் ஓடிப் பார்த்தான், பிழை ஒன்றும் இல்லை. இருக்கவும் மாட்டாது. ஒயில் இன்னும் குளிர்தானே.

பரிசோதித்து முடித்த வேலையில் பிறகு ஒரு நட்டைத் தொட்டாலும் அது புது வேலை. முதலில் இருந்து பரிசோதிக்கவேண்டும். இரக்கப்பட்டுத் தொட்டாலும் அப்படித்தான்.

கொஞ்ச நேரத்தால் கராஜ் போன் அடித்தது. யோகன்தான் எடுத்தான். சிரித்துக் கதைத்துவிட்டு வைத்தான்.

"ஆரது?" என்றேன்.

"மரியதாஸ் அண்ணை. ஜெசிந்தா அக்கா ஏறியிட்டாவாம். பிறேக் பிடிக்குதாம்."

"அதுக்கு ஏன் போன்?"

"அவ பயப்பிடுறாவாம், என்னட்டை ஒருக்காக் கேக்கச் சொன்னாவாம். பிடிக்கிறதுக்குத்தானே பூட்டினது, அண்ணை எண்டு சொன்னன்." தன் பகிடியை நினைத்து இன்னொருதரம் சிரித்தான்.

நானும் சிரித்திருப்பேன். ஆனால் பிறேக் நன்றாக வேலை செய்தால் ஒருவரும் கராஜுக்குப் போன் எடுப்பதில்லை. நான் இத்தனை வருடத்தில் அப்படி ஒரு போன் கேட்டதில்லை.

"யோகன், அந்தாள் சொன்னதை அப்பிடியே சொல்லு. உன்ரை சொல்லில வேண்டாம்."

"அதான் அக்கா. பிறேக் பிடிக்குது, போகப் போகக் கூடப் பிடிக்குது எண்டார்."

போகப் போக. நல்ல பிறேக் புறப்பட்ட இடத்தில் எப்படியோ போய்ச் சேரும் இடத்திலும் அப்படித்தான். தூரம் போகப் போகக் கூடிக்கொண்டு போவது சூடு ஒன்றுதான்.

"நீ காலமை அந்தக் கம்பியில கை வச்சனியோ?"

அவன் முகம் மாறியதைப் பார்த்தே பதில் விளங்கிவிட்டது. நான் அண்ணைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருக்கிற மனிதர் எடுக்காமல் இருப்பது நல்லதுதான், ஆனால் எனக்கு அந்த நேரம் அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. காரைத் தூக்கி நிறுத்தும் ஹொயிஸ்ற்றில் ஒரு கார் நான்கு சில்லும் கழற்றியபடி நின்றது. அதன் சொந்தக்காரர் வேலைக்குப் போக அவசரத்தில் கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு மன்னிப்பைச் சொல்லிவிட்டு, கராஜ் வானை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வெளிக்கிட்டோம். அவர் பின்னால் கத்தினது எனக்குக் கேட்டது. கத்துவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் அவருடைய கார் நின்றுகொண்டிருந்தது, மற்றது ஓடிக்கொண்டிருந்தது. எதை முதலில் பார்ப்பது என்று குழம்புகிற நாட்களில் நான் இதைத்தான் கேட்டுக்கொள்வேன்.

மோர்னிங்சைட் றோட்டில் ஒரு கடைப் பிளாசாவின் முன்முற்றத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தது. முன் சில்லு இரண்டிலும் புகை. பட்டுச்சேலையோடு ஜெசிந்தா தள்ளி நின்றார். அவர்தான் கருகல் மணம் வந்ததும் நிறுத்துங்கோ என்று கத்தி, காரைப் பிளாசாவுக்குள் திருப்பவைத்தவர் என்று பிறகு அறிந்தேன். அதற்கு மேல் கார் அசையவில்லை. மரியதாஸ் அண்ணை கோட்டைக் கழற்றிவிட்டு, பெரிய தண்ணீர்ப் போத்தலோடு சில்லடியில் குனிந்துகொண்டிருந்தார்.

"ஊத்தாதேங்கோ!" நான் வானை நிறுத்த முன்னமே கத்தினேன். "தண்ணி பட்டால் வெடிக்கும் அண்ணை, தள்ளி நில்லுங்கோ."

எரியவில்லை, புகைமட்டும்தான் என்று பார்த்த பிறகு யோகனை உள்ளே விட்டேன். தலை கீழே, கால் மேலே. கம்பியைக் குறுக்கியதும் ஒயில் திரும்பிப் போகிற சத்தம் மெல்லக் கேட்டது. காரைத் தள்ளிப் பார்த்தேன், அசைந்தது.

மரியதாஸ் அண்ணைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "விட்டிட்டுது! அப்ப போகலாம்தானே? கோயில் ரெண்டு லைற் தள்ளித்தான் அக்கா. ஃபாதர் பாத்துக்கொண்டு நிப்பார், சனமெல்லாம் வந்திருக்கும்."

"மெல்லப் போனால் போகலாம் அக்கா" என்றான் யோகனும், டாஷ்போட்டுக்கு அடியில் இருந்து. அவனுக்குத் தன் பிழையைச் சீக்கிரம் மறையப்பண்ணவேண்டும்.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். இறுகி நிற்கிற கார் ஒருவரையும் கொல்லாது, அது நிற்கிறது. அந்தளவு சூட்டுக்குப் பிறகு விடுபட்ட கார்தான் பயங்கரம். ஒயில் கொதித்திருக்கும், உள்ளே ஆவி நிற்கும், பெடல் அடிவரை போகும். பார்ப்பதற்கு மட்டும் எல்லாம் சரிவந்த மாதிரி இருக்கும். எல்லோரும் போவோம் போவோம் என்கிற நேரமும் அதுதான். நான் குனிந்து, யோகனின் தலைக்கு மேலால் கையை விட்டுப் பெடலை அமத்தினேன். பாண் துண்டை அமத்தின மாதிரி மெத்தென்று இறங்கியது. திறப்பைக் கழற்றி என் பொக்கற்றில் போட்டேன்.

"கார் உங்கடை, திறப்பும் உங்கடை. இண்டைக்கு இது என்னட்டை இருக்கட்டும்."

அண்ணை என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அவவுக்குச் சின்னப் பிரச்சினை எண்டு சொல்லுங்கோ. இண்டைக்கு விட்டால் அவ இனி ஏறமாட்டா. எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். அந்த மனிதர் அதற்காகத்தான் எல்லாம் செய்தார். என்ன சொல்வதென்று நான் யோசிக்க முதல் ஜெசிந்தாவே கிட்ட வந்துவிட்டார்.

"நீங்கள்தானே பிறேக் செய்தது? நீங்களெண்டால் உதில இப்ப ஏறுவீங்களோ?"

"ஏறமாட்டன்."

"ஏன் உப்பிடி வந்தது?"

"எங்கடை கராஜின்ரை பிழை. அண்ணையின்ரை கார்ப் பிழையும் இல்லை, அவர் ஓடின பிழையும் இல்லை."

யோகன் வெளியே வந்து எழும்பி நின்றான். "நான்தான் அக்கா. காலமை பெடலைக் கூட்டிவிட்டனான்."

"ஏன்?"

அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் வாய் மூடியிருந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். மரியதாஸ் அண்ணைதான் சொன்னார். "நான் கேட்டனான். பெடல் இறங்கினால் நீர் பயப்பிடுவீர் எண்டு."

ஜெசிந்தா அவரைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கார் இழுபடுது, இழுபடுது எண்டு எத்தினை தரம் சொன்னனான்?" என்று மட்டும் கேட்டார். மனைவி இழுபடுகிறது என்றதைத்தான் அவர் போனில் பிடிக்குது என்று சொல்லியிருக்கிறார். அதை யோகன் நிற்கிறது என்று விளங்கிக்கொண்டான். ஜெசிந்தா சொன்ன சரியான சொல் எங்களிடம் வந்து சேரவே இல்லை.

காரைக் கட்டியிழுக்கிற லொறி வரும்வரை யோகனைக் காவலுக்கு விட்டுவிட்டு, இருவரையும் வானில் ஏற்றினேன். ஜெசிந்தா முன்னால், இருக்கையில் துவாய் விரித்து. வெள்ளிவிழா மாப்பிள்ளை பின்னால் பழைய ரயருக்கு மேல். கோயில் வாசலில் பூவோடு நின்ற சனம், எங்கள் வானைக் கண்டு சாமான் கொண்டுவந்தவர்கள் என்று நினைத்து விலகி வழிவிட்டது. ஒயில் படிந்த உடுப்போடு கோயிலுக்குள் கடைசி வாங்கில் இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஜெபம் ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை கராஜில் ஒரு சட்டம் போட்டேன். இனி இங்கே ஒருவரும் பிறேக் பிடிக்குது என்று சொல்லக்கூடாது. நிற்குது என்று சொல்லு, அல்லது இறுகுது என்று சொல்லு. வாடிக்கையாளர் பிடிக்குது என்றால், காலை எடுத்தால் விடுதோ என்று திருப்பிக் கேள். கொஞ்ச நாள் எல்லோரும் என்னை நக்கலடித்தார்கள். யோகன் அடிக்கவில்லை. நீங்கள் ஆங்கிலத்தில்தானே வேலை கதைக்கிறீர்கள், உங்களுக்கு இது தேவையில்லை என்று நினைக்கவேண்டாம். எந்தப் பாஷையிலும் இப்படி ஒரு சொல் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

மஞ்சள் காருக்கு ஒயில், முன் பிறேக் எல்லாம் எங்கள் பொறுப்பில் புதிதாகப் போட்டோம். இடைவெளியை யோகனே வைத்தான், நான் பார்க்கவில்லை. நான் பார்க்காததுதான் அவனுக்குத் தேவை என்று பட்டது. ஆனால் ஓடிச் சூடாக்கி, சில்லைச் சுற்றிப் பார்த்தது இரண்டு பேரும்.

காரை எடுக்க அண்ணை தனியாகத்தான் வருவார் என்று எதிர்பார்த்தேன். ஜெசிந்தாவும் கூட வந்தார், பஸ் ஓடி முடித்த உடுப்போடு. ஒரு வணக்கம்கூட இல்லை. காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார், குனிந்து அடியைப் பார்த்தார். பிறகு ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி இருந்து, பெடலை மிதித்து, வைத்திருந்து, விட்டார். திரும்ப மிதித்தார்.

"தொட்டவுடன வரேல்லை. கொஞ்சம் இறங்குது" என்றார்.

மரியதாஸ் அண்ணை பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"ஓம், அப்பிடித்தான் இருக்கவேணும்" என்றேன்.

"தெரியும். என்ரை பஸ்ஸும் இப்பிடித்தான். இறங்காட்டித்தான் பயப்பிடுவன்."

அண்ணையும் யோகனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எதற்குப் பயப்படுவார் என்று ஆளாளுக்கு முடிவெடுத்திருந்தோம். ஒருவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

ஜெசிந்தா கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டினார். "திறப்பு."

"நீர் ஓடப்போறீரோ?" என்றார் அண்ணை.

"பக்கத்தில ஏறும், பக்கத்தில ஏறும் எண்டு எத்தினை வருசம் கேட்டிருப்பியள். ஓடிப் பாக்கிறீரோ எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ?"

நான் கொடுத்திருந்த திறப்பை மரியதாஸ் அண்ணை அவர் கையில் வைத்தார். மறுபக்கம் சுற்றிப் போய், தான் கட்டிய காரின் இரண்டாவது இடத்தில் முதல்தரமாக ஏறி இருந்து, கதவைச் சாத்தினார்.